மெஷின் நின்ற நேரம்

ஓடை நாளைக்கு என்ன செய்யும் என்பது ஓடைக்கே தெரியாது. ஆனாலும் பெரியவள் அதை இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒரு நாளில் தொண்ணூற்றாறு கால்மணி நேரம் இருக்கிறது. ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு கட்டம். எந்தக் கால்மணியில் எத்தனை கிலோவாட் மின்சாரம் தரப்போகிறோம் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, மின்சாரக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எழுதியபடி மறுநாள் கொடுக்கவும் வேண்டும்.

வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அவளுக்குப் பெரியவள் என்ற பேர் நிலைத்துவிட்டது. இளையவள் சின்னவள். ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடு. இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன மின்நிலையம்தான். நிலையம் என்று சொன்னால் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே ஓடையை மறித்து ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து இருநூற்றுப் பத்துப் படி கீழே இறங்கும் ஓர் இரும்புக் குழாய், குழாயின் அடியில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் மெஷின். அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தோளில் சிமெண்ட் சுமந்து கட்டியது. ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் பங்காளிகள்.

அண்ணனுக்கு மெஷின், தம்பிக்குச் சல்லடை. தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் நுழைகிற இடத்தில், இலைதழை உள்ளே போகாமல் தடுக்க ஆள் உயரத்துக்குக் கம்பிச் சல்லடை ஒன்று உண்டு. அதில் சேருகிற குப்பையை நீளக் கழியில் இரும்புப் பல் வைத்த வாரியால் இழுத்து எடுக்க வேண்டும். மெஷின் ஓடும்போது தண்ணீர் இலையைச் சல்லடையோடு வைத்து அழுத்தும். வாரி வளையுமே தவிர இலை வராது. மெஷினை நிறுத்திவிட்டால் பிடி விட்டுப்போய், குப்பை எல்லாம் தானாக மேலே மிதந்து வரும். அதனால் அத்தனை வருஷமும் ஒரே பழக்கம்தான். தம்பி மேலேயிருந்து போனில் கூப்பிடுவான். "அண்ணே, தூங்கப் போடு" என்பான். அண்ணன் சக்கரத்தைத் திருகிக் குழாயை அடைப்பார். அரைமணி நேரத்தில் தம்பி சல்லடையை வழித்து முடிப்பான். அதற்குள் கீழே டீ தயாராகிவிடும். அந்த அரைமணிக்கு மின்சாரம் வரவில்லையே என்று கம்பெனி கேட்டதில்லை. வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி.

அந்த விதியை மாற்றினார்கள். மாற்றிய செய்தியைக் கொண்டுவந்தவர் மீட்டர் சார். கம்பெனியின் வட்ட அலுவலகத்தில் இன்ஜினியர்; மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க வருவதால் அந்தப் பேர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. காகிதத்தை மேஜையில் விரித்து, கொடுத்த டீயை ஆறவிட்டு, ஒரு மணி நேரம் விளக்கினார்.

"இனிமே முந்தின நாளே சொல்லணும்மா. சொன்னதுல பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா அது ஒரு தவறு. மாசத்துல மூணு தவறு ஆச்சுன்னா ஒப்பந்தம் ரத்து."

"தண்ணி சொல்லிட்டா சார் வருது?" என்று கேட்டான் தம்பி.

"தண்ணியைத் திட்டிப் பிரயோஜனமில்லப்பா. என் நிலைமையையும் பாரு. டவுன்ல ஆஸ்பத்திரி இருக்கு, குளிர்சாதனக் கிடங்கு இருக்கு. உன்ன மாதிரி நாப்பது பேரு. எவன் எப்ப குடுப்பான், எப்ப நிறுத்துவான்னு தெரியாம நான் முழிக்கிறேன். ஒருத்தன் பொசுக்குன்னு நிறுத்தினா வேற எங்கயாவது அவசரத்துக்கு வாங்கணும். எவ்வளவு நாளைக்கு?"

"அப்ப சல்லடை?"

"அதையும் அட்டவணையில எழுதிடு. பன்னெண்டுலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் பூஜ்யம்னு போடு. எழுதிட்டு நிறுத்தினா தவறே இல்ல."

"இலை அட்டவணையப் பாத்து விழுமா சார்?"

மீட்டர் சார் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இலை விழாத ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிய விதி அது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்ன ஆஸ்பத்திரியும் பொய்யில்லை.

எழுதும் வேலை பெரியவள் தலையில் விழுந்தது. கணக்கு வரும், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். முதல் வாரமே ஒரு தவறு விழுந்தது. மழை பெய்யும் என்று நம்பி எழுதினாள், பெய்யவில்லை. அடுத்த வாரம் ஒரு மரக்கட்டை வாய்க்காலை அடைத்து இரண்டாவது தவறு. அதன்பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொட்டகையில் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, எண் காட்டும் பெட்டியைப் பார்த்தபடியே ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுவாள். கொழுந்தன் கேலி செய்வான்.

"என்ன அண்ணி, நாளைக்கு ஓடைக்கு ஜாதகம் எழுதியாச்சா?"

"எழுதிட்டேன் தம்பி. உனக்கும் சேத்து எழுதியிருக்கேன். பன்னெண்டு மணிக்கு முன்னாடி சல்லடைப் பக்கம் உனக்கு யோகமில்ல."

அதற்குள் அவன் ஒரு புதுப் பழக்கத்துக்கு வந்திருந்தான். பன்னிரண்டுக்கு முன்னால் குப்பை சேர்ந்தால், மெஷின் ஓடும்போதே மேலாக இருப்பதை மட்டும் வாரி எடுத்துச் சமாளிப்பது. காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்வான். கீழேயிருந்து பெரியவள் எண்ணைப் படிப்பாள். எண் ஏறினால் போதும், அவன் நிறுத்திவிடுவான். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரிகூட ஆகிவிட்டது. தொட்டிக்குள் மட்டும் அவன் இறங்கியதில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. சரிவு முழுக்க மரங்கள் உலுக்கிவிட்டது போல இலையைக் கொட்டின. பதினொன்றரைக்குள் தம்பி மூன்று தடவை வாரிவிட்டான். பெரியவள் எழுதியிருந்தது இருநூறு. நூற்றெண்பதுக்குக் கீழே போனால் மூன்றாவது தவறு. அவள் கணவர் மெஷினின் மறுபுறம் தாங்கிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

"நூத்தித் தொண்ணூறு தம்பி," என்றாள் போனில்.

"அண்ணி, ஒரு கிளை அடியில போய் மாட்டிக்கிச்சு. அதுமேல இலை மூடுது. வாரி எட்டல. நிறுத்தச் சொல்லுங்க."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தாறு.

"பன்னெண்டுக்கு நிறுத்தறதா எழுதியிருக்கேன். இருபத்து நாலு நிமிஷம்தான் தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கோ. இப்ப நிறுத்தினா போச்சு, எல்லாம் போச்சு."

"இருபத்து நாலு நிமிஷம் தாங்காது அண்ணி. நீங்களே பாருங்க."

தாங்காதுதான். நூற்று எண்பத்தெட்டு, எண்பத்தாறு என்று எண் இறங்கியது. "எண்பத்தஞ்சு தம்பி," என்றாள். "ஏதாவது பண்ணேன். எண்பத்து நாலு."

"சரி அண்ணி, பாக்கறேன்," என்றான்.

எப்படிப் பார்ப்பாய் என்று அவள் கேட்கவில்லை. ஏணியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் ஓர் ஆள் இறங்கும் சத்தமும் கேட்டது. 'ஐயோ, குளிருது' என்று அவன் சிரித்ததும் கேட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டே அவள் எண்ணைத்தான் படித்தாள். எண்பத்து மூன்று. எண்பத்திரண்டு. பிறகு திடீரென்று இருநூற்றைத் தொட்டது.

"வந்துடுச்சு தம்பி! இருநூறு!" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

பதில் இல்லை. ஹெட்செட் நனைந்திருக்கும் என்று நினைத்தாள். எண் மறுபடி இறங்கத் தொடங்கியது. நூற்றெழுபது. நூற்றறுபது. "தம்பி, இறங்குது பாரு, மறுபடி ஏதோ அடைக்குது," என்றாள் கொஞ்சம் எரிச்சலோடு. நூற்று நாற்பதில்தான் அடைப்பது எது என்று அவளுக்கு உறைத்தது.

அவள் மறுபுறம் ஓடிப்போய்க் காதருகில் கத்தியதும் கணவர் ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்தார். அந்தச் சக்கரத்தை வேகமாகத் திருகக் கூடாது. திருகினால் தண்ணீர் முட்டிக் குழாய் வெடித்து, கொட்டகையோடு எல்லாரையும் அடித்துக்கொண்டு போய்விடும். நிதானமாகத் திருக வேண்டும். நான்கு நிமிஷம் ஆகும். தம்பி தண்ணீருக்குள் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் அண்ணன் நிதானமாகத்தான் திருகினார். பெரியவள் இருநூற்றுப் பத்துப் படியும் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது தண்ணீரின் பிடி விட்டிருந்தது. இலைகளோடு அவனும் மேலே வந்திருந்தான்.

போலீஸ் வந்து கேட்டபோது, "மெஷினை நிறுத்திட்டுத்தான் சார் இறங்கினான். பாசி வழுக்கிட்டுது," என்றார் பெரியவளின் கணவர். பயத்தில் வாயில் வந்தது அதுதான். சொன்னதை மாற்ற முடியவில்லை. சின்னவளிடமும் அதையே சொன்னார்கள். பெரியவள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. அவளுடைய கொழுந்தன் நிறுத்தச் சொன்னான் என்பது கணவருக்குக்கூடத் தெரியாது. அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

ஒன்பதாம் நாள் மீட்டர் சார் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லத் தயங்கினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"அன்னிக்கு நடந்தது மூணாவது தவறா பதிவாயிருக்கும்மா. ஒப்பந்தம் போயிடும். ஆனா விபத்துல ஆளைக் காப்பாத்தறதுக்காக மெஷினை நிறுத்தியிருந்தா அதைத் தவறா எடுத்துக்க மாட்டாங்க. விதியிலயே இருக்கு. எத்தனை மணிக்கு நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு எழுதுங்க. பங்காளிங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். தம்பிக்குப் பதிலா அவர் சம்சாரம் போடலாம்."

"நாங்க முன்னாடியே நிறுத்திட்டோமே சார்," என்றார் கணவர், போலீஸிடம் சொன்ன அதே குரலில்.

மீட்டர் சார் அவர் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்தார். "நிமிஷத்துக்கு நிமிஷம் மீட்டர்ல இருக்குங்க. நான் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நீங்களா முன்னாடியே நிறுத்தினதா எழுதினா அது தவறுதான், நான் ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க," என்று எழுந்துகொண்டார்.

அவர் போனதும் கணவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். "சொல்லாம இறங்கிட்டான்னு எழுது," என்றார். "அதானே உண்மை? நமக்குத் தெரியாது. தெரிஞ்சதும் நிறுத்தினோம். போலீஸ்ல நான் சொன்னது பதட்டத்துல சொன்னதுன்னு ஆகிடும். ஒப்பந்தமும் நிக்கும். அவன் பொண்டாட்டி புள்ளைக்கும் இதானே சோறு?"

"ம்."

"என்ன ம்? அவன் சொல்லாமதானே இறங்கினான்?"

"ஆமா," என்றாள் பெரியவள்.

மறுநாள் காலையில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். 'மெஷின் நின்ற நேரம்: பதினொன்று ஐம்பது. காரணம்: பங்காளிகளில் ஒருவர், மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில், யாரிடமும் தெரிவிக்காமல் தொட்டியில் இறங்கியதால் ஏற்பட்ட விபத்து.' எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாள். கணவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் உரிமை அவளுக்கு முன்பே இருந்தது. படிவத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

சின்னவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வேலையைத் தள்ளிப்போட முடியாததால் தைத்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வெட்டி வைத்த நீலத்துணி. தரையில் நூல். காலையில் யாரோ கொண்டுவந்து வைத்த சாப்பாடு மூடி திறக்காமல் ஓரத்தில் இருந்தது.

"கையெழுத்து வேணும்மா," என்றாள் பெரியவள். "கம்பெனிக்கு."

சின்னவள் தையல் மெஷினை நிறுத்தினாள். படிவத்தை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் நிதானமாகத்தான் படிப்பாள். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் விரலை எடுக்கவில்லை.

"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"நிறுத்தியிருந்துச்சுன்னு சொன்னீங்க."

"பயந்துபோய் சொல்லிட்டார்மா உங்க மாமா. தப்புதான்."

சின்னவள் அழவில்லை. மறுபடி அந்த வரியைப் படித்தாள். "யாரிடமும் தெரிவிக்காமல்," என்று வாய்விட்டுப் படித்தாள். "அக்கா, இவரு துணி காயப்போடக் கொடியைப் பிடிச்சுக் கட்டறதுன்னாகூட என்னைக் கூப்பிட்டு, 'நான் ஏறறேன், நீ புடிச்சுக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டூல்ல ஏறுவாரு. பயந்தாங்கொள்ளி. நான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். அவரு மெஷின் ஓடறப்ப, சொல்லாம தண்ணிக்குள்ள இறங்கினாரா?"

படிவத்தைத் திரும்ப வாங்கப் பெரியவள் கை நீட்டினாள். சின்னவள் கொடுக்கவில்லை.

"போன் யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில."

"நிறுத்தச் சொன்னாரா அக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். இதைக் கேட்க மூன்றாவது ஆள் கிடையாது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சின்னவளின் முகத்தைப் பார்த்தாள்; வெட்டி வைத்த நீலத்துணியைப் பார்த்தாள்.

"சொன்னாரும்மா."

"நீங்க?"

"இருபத்து நாலு நிமிஷம் பொறுத்துக்கோன்னு சொன்னேன். மூணாவது தவறு ஆகிடும்னு. இறங்கச் சொல்லலம்மா. சத்தியமா இறங்குன்னு சொல்லல. ஏதாவது பண்ணுன்னு சொன்னேன். இறங்கற சத்தம் கேட்டுச்சு. கேட்டும் சும்மா இருந்தேன். எண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தேன்." அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. நூல் கிடந்த தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சின்னவள் அவளைத் தூக்கவில்லை, திட்டவுமில்லை. படிவத்தை மேஜை மேல் விரித்தாள்.

"அவரு கடைசியா ஒண்ணு கேட்டிருக்காரு. அதைக் கேக்கவே இல்லைன்னு எழுதிட்டு வந்து என்கிட்டயே கையெழுத்து கேக்கறீங்களே அக்கா."

"கிழிச்சுப் போட்டுடு. ஒப்பந்தம் போகட்டும்."

"கிழிச்சா எம்பொண்ணு என்ன சாப்பிடும்? இந்தச் சட்டைத்துணியையா?" சின்னவளின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "கிழிக்க வேணாம். அந்த வரியை அடிச்சுட்டு, நடந்ததை எழுதுங்க. அவரு என்ன சொன்னாரு, நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதுங்க. எழுதிக் குடுங்க, போடறேன்."

"அதுல இடமில்லம்மா."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு."

பெரியவள் முன்பக்கத்தில் அந்தச் சொற்களை அடித்தாள். படிவத்தைத் திருப்பி, தையல் மேஜையின் ஓரத்தில் வைத்து எழுதினாள். இந்தத் தடவை எழுத்து முத்தாக வரவில்லை. 'பதினொன்று முப்பத்தாறுக்கு மெஷினை நிறுத்தச் சொல்லி அவர் போனில் கேட்டார். அட்டவணையில் தவறு விழும் என்பதால் நான் நிறுத்தவில்லை. ஏதாவது செய்யச் சொன்னேன். அவர் இறங்குவது கேட்டும் தடுக்கவில்லை.' கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு முன்பக்கத்தில் கணவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தன் பேரை எழுதினாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க அக்கா," என்றாள். "ஏதாவது வேணும்னா மாமாவை அனுப்புங்க."

தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியவள் வீட்டுக்குள் போகவில்லை. கணவரிடம் காட்டினால் வாங்கிக் கிழித்துவிடுவார் என்று தெரியும். அப்படியே இறங்கி நடந்து பஸ் பிடித்தாள்.

வட்ட அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மீட்டர் சார் படிவத்தை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்து, நிம்மதியாகத் தலையாட்டினார். இரண்டு கையெழுத்தும் இருந்தது, நேரமும் மீட்டரோடு பொருந்தியது. ஏதோ எழுத்து பின்னாலிருந்து ஊறித் தெரிந்ததால் திருப்பினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் படித்தார்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏம்மா, உங்களுக்கு விவரம் தெரியாதா? இதுல போலீஸுக்கும் ஒரு நகல் போகும். உங்களைத்தான் கூப்பிடுவாங்க. வழக்கு ஆகிடும்."

"தெரியும் சார்."

"இங்க பாருங்க. மேலிடத்துல முன்பக்கம் மட்டும்தான் பாப்பாங்க. அதுல எல்லாம் சரியா இருக்கு. நான் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பிடறேன். அசலை நீங்களே வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. ஒப்பந்தமும் நிக்கும், உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியப்போறதில்ல."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியவளுக்கு அது புரிந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசைப்பட்டது. மீட்டர் சார் நகல் மெஷினின் மூடியைத் தூக்கி, படிவத்தை உள்ளே வைத்து, பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று. முன்பக்கம் வெளியே வந்தது.

அவர் படிவத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். பெரியவள் அதை வாங்கவில்லை.

"திருப்பி வைங்க சார்," என்றாள். "ரெண்டு பக்கமும் எடுங்க."